இரண்டு படி வைத்து அளக்காதீர்கள்

என்.எஃப்.எல். அணிகளின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே,

பிட்ஸ்பர்க்கில் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதால் உங்களில் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் படித்திருக்க மாட்டீர்கள், அதனால் எனக்கு வசதியான மொழியிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எஃகு ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், கறுப்பினத்தவர். 2007 பிப்ரவரி 4 அன்று அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் என் முதல் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியைப் பார்த்தேன். மயாமியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் உதையிலேயே சிகாகோவின் டெவின் ஹெஸ்டர் பந்தை வாங்கி மறுகோடிவரை ஓடிவிட்டார். நான் துள்ளிக் குதித்தேன். பெரியவரின் கண் பந்தின்மேல் இல்லை. கோட்டோரத்தில் நின்ற இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் இண்டியானாபொலிஸின் டோனி டன்ஜி, மற்றவர் சிகாகோவின் லவி ஸ்மித். சூப்பர் பவுலில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் நின்றது அதுவே முதல் தடவை. நின்றவர்கள் இருவர். யார் ஜெயித்தாலும் சரித்திரம்தான். 29-17 என்று டன்ஜி ஜெயித்தார். ஆட்டம் முடிந்ததும் அடுக்களைக்குப் போன பெரியவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எங்கள் ஊர் ஸ்டீலர்ஸ் அணி மைக் டாம்லினைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்திருந்தது. வயது 34. கறுப்பினத்தவர். வந்த புதிதிலேயே இத்தனையும் பார்த்ததால் இந்த நாட்டில் இந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டேன்.

ஏறக்குறையப் பதினைந்து ஆண்டு கழித்து, 2022 பிப்ரவரி 1 அன்று, உங்கள் 32 அணிகளில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக மிஞ்சியிருந்தவர் அதே டாம்லின் ஒருவர்தான். சில நாற்காலிகள் அப்போது காலியாக இருந்தன, ஆள் எடுப்பு முடியவில்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவராக இருக்கும் ஆட்டத்தில், 32-க்கு ஒன்று என்பது எந்த வாய்ப்பாட்டில் வரும்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. சரித்திரம் எனக்கும் கொஞ்சம் தெரியும். உங்கள் லீக் பிறந்த மறுவருடமே, 1921-ல், அக்ரான் ப்ரோஸ் அணிக்கு ஃப்ரிட்ஸ் பொல்லார்டு என்ற கறுப்பினத்தவர் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. பிறகு 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட லீகில் ஆடவில்லை. 1946-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் சேர்த்த பிறகுதான் பூட்டு விட்டது. வீரர்களுக்குத் திறந்த கதவு பயிற்சியாளர்களுக்குத் திறக்க மேலும் நாற்பத்து மூன்று ஆண்டு பிடித்தது. 1989-ல் ரெய்டர்ஸ் உரிமையாளர் அல் டேவிஸ், ஆர்ட் ஷெல்லைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார். பொல்லார்டின் பெயர் உங்கள் புகழ்க்கூடத்தில் ஏறியது 2005-ல். அதற்குள் அவர் இறந்து பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

2002-ல் சைரஸ் மெஹ்ரி, ஜானி கோக்ரன் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் உங்கள் முன் ஓர் அறிக்கையை வைத்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் மேடன் அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பதினைந்து ஆண்டுக் கணக்கு அது. கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் ஒரு சீசனுக்கு சராசரியாக 1.1 ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருந்தார்கள். தங்கள் அணியை பிளேஆஃப் சுற்றுக்கு அவர்கள் கொண்டுபோனது 67 சதவீதம், மற்றவர்கள் கொண்டுபோனது 39 சதவீதம். அந்தக் கணக்கில் கறுப்பினத்தவர் ஐந்தே பேர்தான். அந்தச் சிறிய எண்ணே ஒரு செய்தி. மற்றவர்களைவிடக் கணிசமாக உயர்ந்தவராக இருந்தால் மட்டுமே அவர்களில் ஒருவருக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்கிறது.

அந்த வருடக் கடைசியில் எங்கள் ஊர் ஸ்டீலர்ஸ் உரிமையாளர் டான் ரூனியின் பெயரால் விதி வந்தது. தலைமைப் பயிற்சியாளரை எடுக்கும்முன் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காண வேண்டும், அவ்வளவுதான். எடுத்தே ஆக வேண்டும் என்று அது கேட்கவில்லை. 2002 சீசனில் இரண்டாக இருந்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் எண்ணிக்கை 2006-ல் ஏழானது. அப்புறம் விதியை இறுக்கினீர்கள். பொது மேலாளர் பதவிக்கும் அதை நீட்டினீர்கள், வெளியிலிருந்து ஒருவர் என்பதை இருவர் ஆக்கினீர்கள். 2020-ல், தான் வளர்த்த சிறுபான்மை இனத்தவரை இன்னொரு அணி தலைமைப் பதவிக்கு எடுத்துக்கொண்டால் வளர்த்த அணிக்குக் கூடுதல் மூன்றாம் சுற்றுத் தேர்வு வாய்ப்பு என்று ஊக்கப் பரிசும் வைத்தீர்கள். இத்தனை இறுக்கியும் 2022-ல் ஏழு ஒன்றானது எப்படி?

எப்படி என்பது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருடத்துக்கு முன்னால், இந்த நாட்டுக்கு வரும்முன், எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். இஸ்திரி போட்ட சட்டை, பிளாஸ்டிக் ஃபைலில் சான்றிதழ்கள், வராந்தா பெஞ்சில் என்னையும் சேர்த்து ஏழு பேர். உள்ளேயிருந்து காலி டீ டம்ளர்களை எடுத்துவந்த பியூன் என் பக்கத்தில் குனிந்து, “ஆளு போட்டாச்சு தம்பி. வெயிலுக்கு முன்ன கிளம்பிரு” என்றார். நல்ல மனிதர். நான் கிளம்பவில்லை. முறை வந்ததும் உள்ளே போனேன். பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. அப்பா என்ன செய்கிறார், சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். ‘எந்தத் தெரு’ என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பட்டியலில் அடுத்த பெயருக்கு நேராகப் பேனாவை வைத்திருந்தார். சிறுவர் விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பார்கள், எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொள்வது. அன்று நான் அதுதான்.

அந்த பியூனின் வேலையை 2022 ஜனவரியில், அப்போது நியூ இங்கிலாந்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பில் பெலிச்சிக்கின் கைபேசி செய்தது. மயாமியின் தலைமைப் பயிற்சியாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர் பிரையன் ஃப்ளோரஸுக்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் 27-ஆம் தேதி நேர்காணல். மூன்று நாள் முன்னதாகவே அவருக்கு பெலிச்சிக்கிடமிருந்து வாழ்த்துக் குறுஞ்செய்தி வந்தது. எந்த பிரையனுக்கு அனுப்புகிறீர்கள் என்று ஃப்ளோரஸ் திருப்பிக் கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது. வாழ்த்து பிரையன் டேபலுக்குப் போக வேண்டியது. வேலையும் அவருக்குத்தான் போனது. ஃப்ளோரஸ் செய்தியைப் பார்த்த பிறகும் நேர்காணலுக்குப் போனார், நானும் போனதுபோல. பிப்ரவரி 1 அன்று மன்ஹாட்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் லீகின் மீதும் அணிகள் மீதும் வழக்குத் தொடுத்தார். பிறகு ஸ்டீவ் வில்க்ஸ், ரே ஹார்ட்டன் என்ற கறுப்பினப் பயிற்சியாளர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். அணிகள் குற்றச்சாட்டை மறுத்தன. ஃப்ளோரஸைக் கடைசிவரை பரிசீலித்ததாக ஜயன்ட்ஸ் சொன்னது. தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “ஒருவழியாக எழுத்தில் வந்துவிட்டதே” என்றார்.

இது உங்களுக்கும் புதிதல்ல. விதி வந்த மறுவருடமே, 2003-ல், டெட்ராய்ட் லயன்ஸ் அணி ஸ்டீவ் மரியூச்சியை எடுத்தது. சிறுபான்மை இனத்தவர் ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஐவரும் வர மறுத்துவிட்டார்கள். ஆள் முடிவாகிவிட்டது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. ஒரு நேர்காணல்கூட நடத்தாததற்காக அணியின் நிர்வாகத் தலைவருக்கு லீக் 2,00,000 டாலர் அபராதம் போட்டது. அதிலிருந்து அணிகள் கற்ற பாடம், ஆள் முடிவான பிறகும் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடலாம் என்பதுதானோ என்று சந்தேகமாக இருக்கிறது. பெஞ்சில் எத்தனை பேர் என்பதை விதி எண்ணும். உள்ளே இருப்பவரின் பேனா எந்தப் பெயருக்கு நேராக இருக்கிறது என்று அது எப்படிப் பார்க்கும்?

எங்கள் சொந்த ஊர்ச் சந்தையில் சில தானிய வியாபாரிகள் இரண்டு படி வைத்திருப்பார்கள். வாங்க ஒன்று, விற்க ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றில் அளந்ததை மற்றொன்றில் கொட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். உங்கள் படிகளையும் ஒரு தடவை அப்படிக் கொட்டிப் பார்க்கலாம்.

கன்சாஸ் சிட்டியில் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடுக்குக் கீழே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்த டக் பீடர்சன் 2016-ல் பிலடெல்பியாவின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அடுத்து உட்கார்ந்த மேட் நேகி 2018-ல் சிகாகோவுக்குப் போனார். மூன்றாவதாக வந்தவர் எரிக் பியனமி, கறுப்பினத்தவர். ஐந்து சீசன் இருந்தார். ஐந்திலும் அணி தன் பிரிவின் இறுதிப் போட்டிவரை போனது. மூன்று சூப்பர் பவுல் ஆடி இரண்டை ஜெயித்தது. அணி மாற்றி அணி அவரை நேர்காணலுக்குக் கூப்பிட்டது, ஒன்றுகூட எடுக்கவில்லை. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆட்ட உத்திகளை முடிவு செய்வது உண்மையில் ரீடுதானே என்பது. சரி, அந்தக் காரணத்தை எடுத்து பீடர்சனின் படியில் கொட்டுங்கள். அவர் காலத்திலும் அந்தச் சமையலறையின் தலைமைச் சமையல்காரர் ரீடுதானே? அப்போது அது தடையாக இல்லை. ரீடிடம் பயின்றதே பெரிய தகுதியாக இருந்தது.

அடுத்து பொறுமை. அரிசோனா 2018-ல் ஸ்டீவ் வில்க்ஸை எடுத்து, 3 வெற்றி 13 தோல்வி என்று முடிந்ததும் ஓராண்டில் அனுப்பிவிட்டது. அவர் இடத்துக்கு வந்த கிளிஃப் கிங்ஸ்பரி, கல்லூரி ஆட்டத்திலேயே ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகமாகி, டெக்சாஸ் டெக் அப்போதுதான் நீக்கியிருந்தவர். அவருக்கு நான்கு சீசன் கிடைத்தது. 2022-ல் கரோலைனா அணி 1-4 என்று தடுமாறிய நேரத்தில் வில்க்ஸ் இடைக்காலப் பொறுப்பேற்று 6-6 என்று கரை சேர்த்தார். வேலை ஃப்ராங்க் ரைக்குக்குப் போனது. ரைக் அடுத்த சீசனில் 11 ஆட்டத்தில் 1 வெற்றியோடு நீக்கப்பட்டார். ஹூஸ்டன் அணி கறுப்பினத்தவரான டேவிட் கல்லியை 2021-ல் ஓராண்டு, லவி ஸ்மித்தை 2022-ல் ஓராண்டு என்று அடுத்தடுத்து அனுப்பியது. 2024 சீசன் தொடங்கியபோது வெள்ளையரல்லாத தலைமைப் பயிற்சியாளர்கள் 9 பேர் இருந்தார்கள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. அது முடிந்ததும் நியூ இங்கிலாந்தின் ஜெராட் மேயோவும் லாஸ் வேகாஸின் அன்டோனியோ பியர்ஸும் ஒரு முழு சீசனோடு வீட்டுக்குப் போனார்கள். அந்த ஜனவரியில் காலியாக இருந்த 7 இடங்களில் கறுப்பினத்தவருக்குப் போனது ஒன்று.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். வெள்ளையரான நத்தேனியல் ஹாக்கெட் ஓராண்டுகூட முடிக்கவில்லையே, அர்பன் மேயர் பாதியில் போனாரே என்பீர்கள். மார்ட்டி ஷாட்டன்ஹைமரை 14-2 என்று ஜெயித்த சீசனுக்குப் பிறகே நீக்கினார்களே என்பீர்கள். எல்லாம் உண்மை. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், பல சமயம் நல்ல காரணமாகவே இருக்கும். என் கல்லூரியிலும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஒரு நேர்காணலைப் பார்த்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. முப்பது நாற்பதைச் சேர்த்து வைத்தால்தான் அதில் ஒரு தடம் தெரியும். மேடன் கணக்குப் போட்டது அதற்காகத்தான்.

“தகுதியானவர்கள் வரிசையில் இல்லையே” என்றும் சொல்வீர்கள். வரிசை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அணியின் மூளை என்று நீங்கள் மதிப்பது குவார்ட்டர்பேக் இடம். அந்த இடத்தில் ஆடிய கறுப்பினப் பையன்களைத் தலைமுறை தலைமுறையாக ஓடவும் பந்து பிடிக்கவும் அனுப்பினார்கள். வாரன் மூன் 1978 ரோஸ் பவுல் கல்லூரிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். அந்த ஆண்டுத் தேர்வில் உங்கள் அணிகளில் ஒன்றுகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. கனடாவுக்குப் போய் எட்மண்டனுக்காக ஐந்து கிரே கோப்பை ஜெயித்தார். 1984-ல்தான் ஹூஸ்டன் கூப்பிட்டது. 2006-ல் புகழ்க்கூடத்துக்குள் போனார். பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2018-ல் லமார் ஜாக்சனையும் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறச் சொன்னவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அவர் ஒரு வாக்குக்கூட சிதறாமல் லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார்.

இன்று தலைமைப் பயிற்சியாளரைத் தேடும்போது குவார்ட்டர்பேக்குக்குக் கற்றுக்கொடுத்தவர்களிடையேதான் முதலில் தேடுகிறீர்கள். அந்த இடத்தில் ஆட விடாதவரை அந்த இடத்துக்குக் கற்றுக்கொடுக்கவும் விடவில்லை. ஓட்டக்காரர்களுக்கும் தடுப்பாட்டத்துக்கும் பயிற்சி கொடுக்க வைத்தீர்கள். இருபது வருடம் கழித்து, குவார்ட்டர்பேக்கோடு வேலை பார்த்த அனுபவம் இல்லையே என்கிறீர்கள். ஏணியின் கீழ்ப்படிகளை உருவிவிட்டு, மேலே ஏறி வர ஆளில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

வரிசையில் நிற்காமலே உள்ளே போகிறவர்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் தலைமைப் பயிற்சியாளரான கைல் ஷானஹனின் தந்தை மைக் ஷானஹனும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். டாலஸ் 2025-ல் எடுத்த பிரையன் ஷாட்டன்ஹைமரின் தந்தைதான் மேலே சொன்ன மார்ட்டி. 30 வயதில் ராம்ஸ் அணிக்குப் பொறுப்பேற்ற ஷான் மெக்வேயின் தாத்தா சான் பிரான்சிஸ்கோ அணியின் நிர்வாகி. மெக்வேயும் ஷானஹனும் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. சின்ன வயதிலேயே அந்த வீட்டுக் கூடத்தில் ஆட்டத்தைக் கேட்டு வளர்ந்தது அவர்கள் தப்பில்லை. இதை நீங்களும் புரிந்துகொள்வீர்கள். சிகாகோ அணி 1921-லிருந்து ஒரே குடும்பத்தில் இருக்கிறது, ஜயன்ட்ஸ் 1925-லிருந்து மாரா குடும்பத்தில், ஸ்டீலர்ஸ் 1933-லிருந்து ரூனி குடும்பத்தில். உங்களில் பலர் ஒரு நேர்காணலும் இல்லாமல் இந்த நாற்காலிக்கு வந்தவர்கள். ஓர் அணியின் முதன்மை உரிமையாளராக இதுவரை ஒரு கறுப்பினத்தவரும் இருந்ததில்லை. அதனால்தான் அடுத்தவரை நேர்காணும்போது உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. நமக்குப் பரிச்சயமான முகம், நம் வீட்டுப் பேச்சு, நம் பையன் மாதிரி ஒருவர் உள்ளே வந்தால், “இவனிடம் தலைமைக் களை இருக்கிறது” என்று நமக்குத் தோன்றிவிடும். அந்தக் களை அவர் முகத்தில் இருக்கிறதா, நம் கண்ணில் இருக்கிறதா என்று யோசிக்க நேரம் வேண்டும்.

ஒதுக்கீடு கேட்டு இந்த மடலை எழுதவில்லை. இத்தனை பேரை எடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரே படியால் அளக்கக் கேட்கிறேன்.

என்ன தகுதி தேடுகிறீர்கள் என்பதை, முதல் ஆள் உள்ளே வரும்முன் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எல்லாரையும் அந்தத் தாளை வைத்தே மதிப்பிடுங்கள். தலைமைப் பயிற்சியாளராக இருந்த அனுபவம் வேண்டும் என்று எழுதியிருந்தால், இல்லாத ஒருவரை மெக்வே மாதிரி வருவார் என்று சொல்லி எடுக்காதீர்கள். கடைசி நேர்காணல் முடியும்வரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். புதிதாக வருபவருக்கு எத்தனை ஆண்டு பொறுப்பீர்கள் என்பதையும் வருபவர் யாரென்று தெரியும்முன்பே முடிவு செய்யுங்கள். குவார்ட்டர்பேக் அறையில் கறுப்பின இளைஞர்களை உதவியாளராக உட்கார வையுங்கள், பத்து வருடத்தில் வரிசை தானே நீளும்.

இன்னொன்று, தகராறு வந்தால் வெளியாள் ஒருவர் தீர்க்கட்டும். ஃப்ளோரஸின் வழக்கை லீக் கமிஷனரின் மத்தியஸ்தத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வாதாடினீர்கள். கமிஷனரை நியமிப்பது நீங்கள், சம்பளம் கொடுப்பதும் நீங்கள். 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அளக்கும் படி உங்களுடையது, முத்திரை குத்துகிறவரும் உங்கள் ஆள் என்றால் சந்தையில் யார் வாங்குவார்கள்?

உண்மையாகவே ஒருவரை உட்கார வைத்துக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நான் வெளியூர் போக வேண்டியதில்லை. 2007-ல் ஸ்டீலர்ஸ் அணிக்குள்ளேயே அந்த வேலைக்கு வலுவான போட்டியாளர்கள் இருந்தார்கள். ரூனி குடும்பம் வெளியிலிருந்து வந்த 34 வயதுக்காரரைத் தேர்ந்தெடுத்தது. டாம்லின் இரண்டாவது சீசனிலேயே சூப்பர் பவுல் ஜெயித்துக் கொடுத்தார். முதல் 18 சீசனில் ஒன்றைக்கூட அவர் அணி வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக முடிக்கவில்லை. ஹூஸ்டனும் ஒருவழியாக 2023-ல் டெமிக்கோ ரையன்ஸை எடுத்தது. முந்தைய சீசனில் மூன்றே ஆட்டம் ஜெயித்த அணி பத்து ஆட்டம் ஜெயித்து பிளேஆஃபுக்குள் போனது.

அந்தக் கல்லூரி வேலை கிடைக்காததில் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. வேலை கிடைத்தவர் ஒருவேளை என்னைவிடக் கெட்டிக்காரராகவே இருந்திருக்கலாம். அதுதான் எனக்கு இன்றுவரை தெரியாது, அவர்களுக்கும் தெரிந்திருக்காது. எங்கள் இருவரையும் யாரும் ஒப்பிட்டே பார்க்கவில்லை. ஆட்டத்தில் தோற்பது சகஜம், உங்களைவிட அது யாருக்குத் தெரியும்? ஆடாத ஆட்டத்துக்குத் தோல்வி என்று எழுதிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் ஏறுவது வேறு மாதிரி.

2024 சீசன் வரை ஞாயிறுதோறும் அளவுச் சங்கிலியை மைதானத்துக்குள் இழுத்துவந்து, பந்து கோட்டைத் தொட்டதா என்று எழுபதாயிரம் பேர் முன்னால் அளந்து காட்டிய ஆட்டம் உங்களுடையது. எந்த அணியின் பந்தாக இருந்தாலும் சங்கிலி அதே பத்து கெஜம்தான். வரும் ஜனவரியில் நேர்காணல் அறைக்குள் போகும்போது அந்தச் சங்கிலியையும் கையோடு கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு ரசிகன்